பன்னிரண்டு நிரை தள்ளி

புகைக்கூடத்துக் காளியப்பனைப் பற்றித் தோட்டத்தில் யாரும் பெரிதாகப் பேசியதில்லை. பேச என்ன இருக்கிறது? செடெனாக் ரயில் ஸ்டேஷனிலிருந்து ஐந்து கட்டை, அதாவது ஐந்து மைல், உள்ளே தள்ளிக் கிடந்த ரப்பர் தோட்டம் அது. பாலை உறையவைத்துத் தகடாக்கிப் புகைபோட்டுக் காயவைக்கும் கூடத்தில் பதினெட்டு வருஷம் அடுப்புக்கு விறகு தள்ளியவன். பெண்டாட்டி கப்பலில் வந்து இறங்கிய மூன்றாம் வருஷமே காய்ச்சலில் போய்விட்டாள். பிள்ளை குட்டி இல்லை. கள்ளுக்கடைக்குப் போவான், ஆனால் பாட்டும் பாடமாட்டான், சண்டையும் இழுக்கமாட்டான். இப்படிப்பட்ட மனிதனைப் பற்றி என்னத்தைப் பேசுவது? 1931-ல் ஒரு நாயைக் கூட்டிவந்து, கூலிகள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வாசலில் கட்டினான் பாருங்கள், அன்றிலிருந்துதான் அவன் பெயர் எல்லார் வாயிலும் விழுந்தது.

அது பழைய துரையின் நாய். மேஜர் என்று பெயர். சாம்பல் நிறம், கன்றுக்குட்டி உயரம், ஒரு காது பாதி இல்லை. ரப்பர் விலை பாதாளத்துக்குப் போனதும் கம்பெனி பழைய துரையைச் சீமைக்கு அனுப்பிவிட்டது. அவர் பாட்டுப் பெட்டி, மான்கொம்பு, மீன் தூண்டில் என்று எல்லாவற்றையும் மறக்காமல் எடுத்துக்கொண்டார். நாயை மட்டும் பங்களாத் தூணில் கட்டியபடி விட்டுப் போனார். லயத்து ஆண்களில் எட்டுப் பேர் உடம்பில் அதன் பல் தடம் இருந்தது. லயத்து நாய்களில் இரண்டைக் கொன்றே போட்டிருந்தது. மூன்று தோட்டங்களைச் சேர்த்துப் பார்க்க வந்த புதுத் துரைக்குத் தமிழ் தெரியாது, பொறுமையும் கிடையாது. வந்த முதல் நாளே அதைச் சுட்டுவிடச் சொன்னார். பங்களாவுக்கு விறகு கொண்டுபோயிருந்த காளியப்பன் யாரும் கேட்காமலேயே வாயைத் திறந்தான்.

“சுட வேணாங்கய்யா. நான் வச்சிக்கிறேன்.”

அவன் பேசியது கிராணி சிவசம்புவிடம். யாழ்ப்பாணத்துக்காரர், தோட்டத்து ஆபீஸ் கணக்கெழுத்து அவர் பொறுப்பு, துரைக்கும் கூலிக்கும் நடுவில் வாயும் காதும் அவர்தான்.

“உனக்கென்ன விசரே?” என்று கேட்டுவிட்டு அவர் துரையிடம் சொன்னார். துரை என்னமோ செய்துகொள்ளட்டும் என்பதுபோல் கையை விரித்துவிட்டு உள்ளே போனார்.

ஏன் அப்படிச் செய்தான் என்று கேட்டவர்களுக்கெல்லாம் காளியப்பன் வேறு வேறு காரணம் சொன்னான். சங்கிலி நல்ல சங்கிலி என்றான். காவலுக்கு ஆகும் என்றான். உள்ள காரணம் வேறு. பழைய துரை தினமும் காலையில் புகைக்கூடத்தைப் பார்வையிட வருவார். அவர் கங்காணியோடு பேசி முடிக்கும்வரை நாய் அடுப்புச் சுவரோரம் சூட்டுக்குப் படுத்துக்கொள்ளும். காளியப்பன் இரண்டு கை நிறைய விறகோடு அதைத் தாண்டித் தாண்டிப் போவான். ஒருநாள்கூட அது அவனைப் பார்த்து உறுமியதில்லை. கண்டவரையெல்லாம் கடிக்கும் நாய் தன்னை மட்டும் விட்டுவைத்திருக்கிறது என்பதில் அவனுக்கு உள்ளூர ஒரு பெருமை. பேசிச் சிரிக்க ஆளில்லாதவனுக்கு அதுவே பெரிய விஷயம்.

அந்தப் பெருமை லயத்துக்கு வந்த இரண்டாம் நாளே காற்றில் பறந்தது. யார் வாசலைத் தாண்டினாலும் நாய் சங்கிலி அறுகிற மாதிரி பாய்ந்தது. நாற்பது வீட்டு நாய்களும் அதைப் பார்த்துக் குரைக்க, அது நாற்பதுக்கும் சேர்த்துப் பதில் சொன்னது. ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். பட்டினி போடு என்றார்கள். மிளகாய்ப் புகை காட்டு என்றார்கள். மாரியம்மன் கோயில் பூசாரி மந்திரித்த கறுப்புக் கயிற்றோடு கிட்டப் போனார், போன வேகத்தில் திரும்பி வந்தார். காளியப்பனும் ஒருநாள் பொறுமை கெட்டு விறகுக் கட்டையால் நாலு போட்டுப் பார்த்தான். அது வாலை மடக்கிப் படுத்துக்கொண்டு அடித்த கையையே பார்த்தது. மறுநாள் இன்னும் மோசமாகப் பாய்ந்தது. அதற்குப் பிறகு அவன் கட்டையைத் தொடவில்லை. அவனுக்கு வெட்கமாக இருந்தது.

இரண்டாவது வாரம் அய்யாவு மாட்டினான். பால்வெட்டுக்காரன், சாது. பாலை ஊற்றிவிட்டு வெறும் வாளியோடு வந்துகொண்டிருந்தவன், திருப்பத்தில் நாயைக் கண்டதும் பாதையை விட்டுப் புல்லில் ஒதுங்கினான். காளியப்பன் சங்கிலியை இறுக்கிப் பிடித்துத்தான் இருந்தான். அப்படியும் நாய் ஒரே எம்பில் அய்யாவுவின் முழங்கையைக் கவ்விவிட்டது.

“அலமாக்! ஐயோ, கொல்லுது, புடிடா காளி, புடிடா!”

தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் ஏழு தையல் போட்டார். சாயங்காலம் சிவசம்பு ஆள் அனுப்பிக் காளியப்பனைக் கூப்பிட்டார்.

“துரை என்ன சொன்னவர் தெரியுமோ? முப்பது நாள் தவணையாம். வாற மாதம் முதலாம் தேதி பெரட்டுக்கு அவர் வருவார். நாயைக் கொண்டுவந்து சனத்துக்கு நடுவில நிப்பாட்டு. சும்மா நிண்டால் சரி. ஆரையாவது கடிச்சால் அந்த இடத்திலேயே வெடிதான். அதுக்கிடையில கடிச்சாலும் வெடிதான்.”

பெரட்டு என்றால், விடியற்காலையில் ஆள்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துவிடும் இடம். நூற்றுப் பத்து ஆண்கள், எழுபது எண்பது பெண்கள், அவர்கள் கூடவே வரும் நாய்கள். அதற்கு நடுவில் மேஜரை நிறுத்த வேண்டும்.

நல்ல யோசனை அவனுக்கு மூளையில் உதிக்கவில்லை, காலில்தான் தட்டுப்பட்டது. மறுநாள் வேலை முடிந்ததும் யார் கண்ணிலும் படாமல் நாயை ரப்பர் மரங்களுக்குள் ஓட்டிப் போனான். தூரத்தில் கருப்பாயி சுள்ளி பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவனுக்கு அடுத்த வீட்டுக்காரி, களையெடுப்பில் வேலை, வாய் கொஞ்சம் நீளம். கூடவே அவளுடைய கிழட்டுப் பெட்டைநாய் செவலை. மேஜர் பார்த்தது, காதைத் தூக்கியது, ஆனால் குரைக்கவில்லை. காளியப்பன் ஆச்சரியத்தோடு ஒரு நிரை, அதாவது ஒரு மர வரிசை, முன்னால் போனான். உடனே உறுமல். ஒரு நிரை பின்னால் வந்தான். உறுமல் நின்றது. நூல் பிடித்தாற்போல் நட்டிருந்த மரங்கள், எண்ணுவது சுலபம். நடுவில் பன்னிரண்டு நிரை இருந்தால் நாய் பொறுத்துக்கொள்கிறது, பதினொன்று என்றால் பொறுக்கவில்லை. மடியில் இருந்த கருவாட்டுத் துண்டு ஒன்றை எடுத்து அதன் வாயில் போட்டான்.

“கருப்பாயி, நாளைக்கும் இந்நேரத்துக்குச் செவலையக் கூட்டிக்கிட்டு வருவியா?” என்று கத்திக் கேட்டான்.

“எதுக்கண்ணே?”

“சும்மா நடக்கத்தான். நீ அந்த நெரையில நட, நான் இந்த நெரையில நடக்குறேன்.”

“ஒனக்கும் பொகை தலைக்கு ஏறிருச்சு,” என்றாள். மறுநாள் வந்தாள்.

தோட்டத்தில் எல்லா வேலையும் நிரைக் கணக்குத்தான். களையெடுப்பதும் அப்படி, பால்வெட்டுவதும் அப்படி. நாய் வளர்ப்பதையும் அந்தக் கணக்கில் சேர்த்தவன் இவன் ஒருத்தனாகத்தான் இருக்கும். பன்னிரண்டாவது நிரையில் மூன்று நாள். செவலையைப் பார்த்துவிட்டு மேஜர் இவன் பக்கம் முகத்தைத் திருப்பினால் ஒரு துண்டு கருவாடு. பிறகு பதினொன்று. பிறகு பத்து. ஒன்பதில் எங்கிருந்தோ ஒரு கடுவன் நாய் குறுக்கே ஓட, எல்லாம் பாழாகி மறுபடி பன்னிரண்டுக்கே போனார்கள். கருப்பாயி தலையில் அடித்துக்கொண்டாள், ஆனால் வருவதை நிறுத்தவில்லை. பதினைந்தாம் நாள் இரண்டு நாயும் ஒரே நிரையில் நடந்தன. செவலை கிட்ட வந்து மேஜரை மோந்து, பிடிக்காமல் ஒரு சீறு சீறியது. மேஜர் பேசாமல் படுத்துக்கொண்டது. கருப்பாயிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. மற்ற நாய்களுக்கு இத்தனை நாள் தேவைப்படவில்லை.

நாய்ப் பாடு ஒருவழியாகத் தீர்ந்தது. மனுஷன் பாடுதான் மிச்சம். அதில் முடிச்சு எங்கே இருக்கிறது என்று காளியப்பனுக்குப் பிடிபடவே இல்லை.

“அண்ணே, ஒண்ணு கவனிச்சியா?” என்றாள் கருப்பாயி ஒருநாள். “என்னையப் பாத்து இது கொரைச்சிருக்கு, கடிக்க வந்ததில்ல. எந்தப் பொம்பளையையும் கடிச்சதில்ல. ஒங்க ஆம்பளைங்களைத்தான் கடிக்குது.”

காளியப்பன் அன்று முழுக்க அடுப்பு முன்னால் அதையே யோசித்தான். தான் ஆம்பளைதானே, தன்னை ஏன் விட்டது? பெண்களும் தானும் செய்யாத எதையோ மற்ற ஆண்கள் செய்கிறார்கள். அய்யாவு அன்றைக்கு ஒதுங்கி நின்றதை நினைத்துப் பார்த்தான். ஒதுங்கினான், குனிந்தான், தோளில் கிடந்த துண்டைச் சடக்கென்று உருவிக் கக்கத்தில் இடுக்கினான். காளியப்பனின் கை விறகோடு அப்படியே நின்றது.

பழைய துரைக்கு ஒரு விளையாட்டு இருந்தது. கூலிகள் துண்டை இறக்கிக் கும்பிடும்போது, குட்டியாக இருந்த மேஜரை உசுப்பிவிடுவார். அது ஓடிப்போய்த் துண்டைக் கவ்வி இழுக்கும். துரை வயிறு குலுங்கச் சிரிப்பார். குட்டி வளர்ந்தது, பல்லும் வளர்ந்தது, விளையாட்டு கடியாகிவிட்டது. அதைவிட வேடிக்கை இந்த ஜனங்கள். நாய் வந்தால் பத்தடி பின்னால் துரை வருவார் என்பது அவர்களுக்குப் பல வருஷப் பாடம். துரை கப்பலேறிப் போன பிறகும், நாயைக் கண்டதும் கை தானாகத் துண்டுக்குப் போயிற்று. இல்லாத துரைக்கு அவர்கள் மரியாதை செய்தார்கள், இருக்கிற நாய் கடித்தது. காளியப்பன் மட்டும் தப்பியதற்குக் காரணம் நாயின் அன்பு இல்லை. விறகு சுமக்கிறவனுக்குத் துண்டை இறக்கக் கை ஏது? இது தெரிந்தபோது அவனுக்கு மனசு கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது.

மறுநாள் அய்யாவுவிடம் போய் நின்றான். பன்னிரண்டு நிரை தள்ளி நின்று துண்டை ஒருமுறை இறக்கிக் காட்டு என்றான்.

“இன்னொரு கை மிச்சம் இருக்குன்னு ஒனக்குப் பொறுக்கலியா?” என்றான் அய்யாவு. ஆனாலும் வந்தான். துண்டு இறங்கியது, நாயின் முதுகில் மயிர் சிலிர்த்தது. துண்டு தோளுக்கு ஏறியது, மயிர் படிந்தது. அய்யாவு தன் கட்டுப்போட்ட கையை ஒரு பார்வை, நாயை ஒரு பார்வை பார்த்தான்.

“அடச்சே! நானேதான் கடிய வாங்கிக்கிட்டேனா?”

அன்றிலிருந்து லயமெல்லாம் ஒரே பேச்சு. நாயைக் கண்டால் யாரும் துண்டை இறக்கக் கூடாது. பாதிப் பேருக்குக் கை கேட்கவில்லை, துண்டைப் போய்ப் பிடித்துவிட்டுப் பிறகு அசட்டுச் சிரிப்புச் சிரித்தார்கள். மூன்று நான்கு நாள் ஒரு கடி இல்லை, ஒரு பாய்ச்சல் இல்லை. காளியப்பன் நிம்மதியாகத் தூங்கினான். அந்தத் தூக்கத்தைக் கெடுக்க ஐயாசாமி கங்காணி வந்து சேர்ந்தார்.

“எல்லாம் சரிதான்டா. மொதத் தேதி பெரட்டுக்குத் தொரை வருவாரு. நூத்திப் பத்து ஆம்பளையும் ஒண்ணாத் துண்ட எறக்குவான். அப்ப என்ன பண்ணுவ?”

காளியப்பன் மெல்ல இழுத்தான். “அன்னிக்கு ஒரு நாளு மட்டும் எறக்காம இருந்தா...”

“தொலைச்சிருவேன்! தொரை முன்னால துண்டோட நிக்கிறவன் மறுநா தோட்டத்துல நிக்கமாட்டான். வெல விழுந்து கெடக்கு. எவன் பேரை வெட்டலாம்னுதான் புதுத் தொரையே பாத்துக்கிட்டிருக்காரு.”

மிச்சம் பத்து நாள். துண்டு இறங்காமல் இருக்க வழியில்லை என்றால், இறங்கினாலும் நாய் நிற்க வேண்டும். மறுபடி பன்னிரண்டாவது நிரை. இந்தத் தடவை அய்யாவு அங்கே நின்று துண்டை இறக்கினான், இங்கே நாய் கருவாடு தின்றது. அய்யாவுவோடு இன்னும் இரண்டு பேர் சேர்ந்தார்கள். பிறகு ஐந்து, பிறகு பத்து. சாயங்காலமானால் அது ஒரு கூத்தாகிவிட்டது.

“தொரைக்கு எறக்குற துண்ட நாய்க்கு எறக்கச் சொல்றியே, இது அடுக்குமாடா?” என்று ஒருத்தன் கேட்டான்.

“இத்தினி நாளும் அதுக்குத்தானே எறக்கினீங்க?” என்றான் காளியப்பன். அவன் அப்படி வாய்க்கு வாய் பேசி யாரும் கேட்டதில்லை. கூட்டம் சிரித்தது. கொஞ்ச நேரம் கழித்து அவனும் சிரித்தான். அந்தப் பத்து நாளில் அவன் பேசியது, பதினெட்டு வருஷத்தில் பேசியதைவிட அதிகம். கடைசி நாள் நாற்பது பேர் இரண்டு நிரை தள்ளி நின்று ஒரே நேரத்தில் துண்டை உருவினார்கள். மேஜர் அவர்களைப் பார்க்கக்கூட இல்லை. அவன் வலக்கையைத்தான் பார்த்தது.

முதல் தேதி பெரட்டு. கீழ்வானம் வெளுத்துக்கொண்டிருந்தது. ஆபீஸ் படியில் லாந்தர் விளக்குப் பக்கத்தில் துரை வந்து நின்றார். பின்னால் ஒரு பியூன் துப்பாக்கியோடு நின்றான். வரிசைக்கு நடுவில், எல்லாருக்கும் தெரியும்படி, காளியப்பனும் நாயும். ஐயாசாமி கங்காணி தொண்டையைக் கனைத்தார். நூற்றுப் பத்துத் துண்டும் ஒரே சமயத்தில் இறங்கின.

நாய் எழுந்தது. முதுகு மயிர் சிலிர்த்தது. ஒரு அடி முன்னால் வைத்தது. பியூன் துப்பாக்கியை நிமிர்த்தினான். பிறகு நாய் தலையைத் திருப்பிக் காளியப்பனைப் பார்த்தது. அவன் கருவாட்டை நீட்டினான். தின்றது, உட்கார்ந்தது. பெண்கள் வரிசையில் கருப்பாயி விட்ட பெருமூச்சு ஆண்கள் வரிசைவரை கேட்டது.

துரை தலையை ஆட்டினார். அவ்வளவுதான், முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். ஆனால் துரையின் கண் அங்கேயே நின்றது. நாயை அல்ல, நாய்க்குப் பக்கத்தில் நின்றவனைப் பார்த்தார். தோளில் கிடந்ததும் தலையில் கட்டியதும் எல்லாம் இறங்கியிருக்க, களத்தில் ஒரே ஒரு தலையில்தான் இன்னும் துண்டு இருந்தது.

“டேய் காளி, துண்டு!” என்று கங்காணி பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

புகைக்கூடத்து ஆள்கள் பெரட்டுக்கு வருவதில்லை, அடுப்பை விட்டு நகர முடியாது. கையில் விறகில்லாமல் துரை முன்னால் காளியப்பன் நிற்பது இதுதான் முதல் தடவை. ஊரார் துண்டையெல்லாம் காட்டிக் காட்டி நாயைப் பழக்கியவன், தன் துண்டை ஒருமுறைகூட அதன் முன்னால் அப்படிச் சடக்கென்று இறக்கிப் பார்த்ததில்லை. தோன்றவே இல்லை. கை காது வரைக்கும் போயிற்று. நாய் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தது. துப்பாக்கி இன்னும் தாழவில்லை. இறக்கினால் பாயுமா, பாயாதா? அவனுக்குத் தெரியவில்லை. பாய்ந்தால் அந்த இடத்திலேயே வெடி. கை மெல்லக் கீழே வந்து சங்கிலியைப் பிடித்துக்கொண்டது.

துரை சிவசம்புவிடம் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுத் திரும்பினார். சிவசம்பு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

“நாய் நிக்கலாமாம்,” என்றார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார், “நீ நிக்க ஏலாதாம்.”

மத்தியானத்துக்குள் பெயரை வெட்டிக் கையில் சீட்டைக் கொடுத்துவிட்டார்கள். கருப்பாயி மிச்சக் கருவாட்டைப் பொட்டலம் கட்டிக்கொண்டு பாதிவழி வரைக்கும் வந்தாள். அழுகையும் கோபமுமாக வந்தது அவளுக்கு.

“ஒரு நொடி எறக்கித் தொலைச்சிருந்தா என்னண்ணே?”

“கடிச்சிருந்தா?”

“ஒன்னையவா? கடிச்சிருக்காது.”

காளியப்பன் தகரப் பெட்டியைத் திறந்தான். பொட்டலத்தை அதற்குள் வைத்துக்கொண்டு, நாயையும் ஓட்டிக்கொண்டு நடந்தான்.

ஸ்டேஷனுக்குப் போகும் செம்மண் ரோட்டில் மூன்றாவது கட்டைக்குப் பக்கத்தில் வெயில் தாங்க முடியவில்லை. தகரப் பெட்டியை இறக்கி அதன்மேல் உட்கார்ந்தான். எங்கே போவது, இந்த நாயோடு யார் வேலை கொடுப்பார்கள் என்று யோசித்துக்கொண்டே தலைத்துண்டை உருவி முகத்தைத் துடைத்தான். கழுத்தைத் துடைக்கும்போதுதான் கையில் இருப்பது என்ன என்று உறைத்தது. கை அப்படியே நின்றது. நாய் ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருந்தது.

அது எழுந்து வந்து துண்டை மோந்து பார்த்தது. பிறகு அவன் வலக்கையை மோந்து பார்த்தது. கருவாடு இல்லை என்று தெரிந்ததும் அவன் முழங்கால்மேல் தாடையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டது.

காளியப்பன் துண்டைத் தலையில் சுற்றினான், மறுபடி சடக்கென்று உருவினான். இன்னொரு தடவை சுற்றினான், உருவினான். நாய் கண்ணைக்கூடத் திறக்கவில்லை. முதலில் அவனுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அந்தத் துண்டாலேயே முகத்தைப் பொத்திக்கொண்டு, ரோட்டில் போகிறவர்கள் பார்க்க, வாய்விட்டு அழுதான். பதினெட்டு வருஷத்துத் தோட்டம் போனதற்காக அல்ல. “நீ என்னையக் கடிப்பேன்னு நெனச்சுட்டேனேடா” என்று திரும்பத் திரும்ப நாயிடம் சொல்லிக்கொண்டிருந்தான்.